ஏழாவது எலும்பு எங்கே சார்?

சேலையூரில் எங்கள் காலனிக்குள் வந்து யக்ஞநாராயணன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரே டாக்டர் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், பால்காரர்கூடச் சைக்கிளை நிறுத்திக் கைகாட்டுவார். டாக்டராம்! டாக்டராவது, மண்ணாங்கட்டியாவது. அந்த மனுஷனோடு ஒரே அறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் நான். அவர் டாக்டர் என்றால் எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர் நீதிபதி.

அவர் எக்ஸ்ரேவுக்கு வந்த கதையை அவரே பெருமையாகச் சொல்லுவார், வெட்கப்பட வேண்டிய இடத்தில் நிறுத்தாமல். பி.யு.சி.யில் இரண்டு தடவை கோட்டை விட்டவர். மாமா ஒருவர் பிடித்துத் தள்ளியதில் கேம்ப் ரோடு நர்சிங் ஹோமில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தார். பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டார். பொத்தானை அமுக்க ஆள் வேண்டும். யக்ஞநாராயணனுக்கு விரல் இருந்தது. அவ்வளவுதான் தகுதி.

ஒரே வாரத்தில் தாம்பரம் மார்க்கெட்டில் அளவு கொடுத்து இரண்டு வெள்ளைக் கோட்டு தைத்துக்கொண்டாராம். அதை யாரும் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கோட்டு ஏறியதும் நடை மாறியது, குரல் மாறியது. மகள் ஜெயஸ்ரீயின் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே ‘ரேடியாலஜி’ என்று ஒரே ஒரு வார்த்தை போட்டிருந்தார். டெக்னீஷியன் என்றும் இல்லை, டாக்டர் என்றும் இல்லை. படிக்கிறவன் பாடு. இந்த மாதிரிக் கெட்டிக்காரத்தனத்துக்கு மட்டும் அவருக்குப் பஞ்சமே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு கேட் முன்னால் கூட்டம் நிற்கும். எல்லார் கையிலும் பெரிய காக்கி உறை. காபி குடித்து, சந்தியாவந்தனத்தை முடித்து, ஒன்பது மணிக்குமேல் வெளியே வருவார். எக்ஸ்ரே பார்க்க விளக்குப் பெட்டி என்று ஒன்று உண்டு, பின்னாலிருந்து சீராக வெளிச்சம் வரும். இவருக்கு அது வேண்டாம். “பெட்டியெல்லாம் கண்ணு தெரியாதவாளுக்கு” என்பார். வராந்தா டியூப் லைட்டுக்கு நேரே படத்தைத் தூக்குவார், ஒரு கண்ணை மூடுவார், “ம்ம்” என்பார். மூன்று விநாடிக்குள் தீர்ப்பு: “நார்மல்.” வந்தவர்கள் கும்பிட்டுவிட்டு முருங்கைக்காயோ மாம்பழமோ வைத்துவிட்டுப் போவார்கள். நார்மல் என்று சொல்கிறவனைத்தான் ஜனங்களுக்குப் பிடிக்கும். கோளாறு என்று சொல்கிறவனுக்கு யார் முருங்கைக்காய் கொடுப்பார்கள்?

அவருடைய இன்னொரு ஜம்பம், ரிப்பீட். முதல் படம் சரியாக வரவில்லை என்றால் மறுபடி எடுப்பதற்கு எங்கள் தொழிலில் ரிப்பீட் என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாகத் தன் டேபிளில் ஒரு ரிப்பீட்கூடக் கிடையாது என்று மனுஷன் ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பார். நர்சிங் ஹோம் முதலாளி டாக்டர் சாம்பசிவன் இதற்காக அவரை ஆண்டு விழாவில் மேடையேற்றிப் பொன்னாடை வேறு போர்த்தினார். அடேயப்பா, என்ன கைதட்டல்! ரிப்பீட் இல்லை என்றால் எல்லாப் படமும் ஒழுங்காக வந்தது என்றா அர்த்தம்? ஒழுங்காக வராததையும் ஒழுங்கு என்று கொடுத்தனுப்பினார் என்று அர்த்தம். இது அந்த மேடையில் இருந்த ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை.

நான் முறைப்படி இரண்டு வருஷம் டிப்ளமோ படித்தவள். 2001இல் அங்கே சேர்ந்தேன். முதல் நாளே ரப்பர் கையுறையை நீட்டி, “அமலராணி, நீ டார்க் ரூமைப் பாத்துக்கோ” என்றார். டார்க் ரூம் என்றால் இருட்டறையில் நின்று பிலிமை மருந்துத் தண்ணீரில் முக்கிக் கழுவி, கம்பிச் சட்டத்தில் மாட்டிக் காயப் போடுகிற வேலை. அவர் வெளியே கோட்டு போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்குவார். படித்தவள் உள்ளே துணி துவைப்பது போலக் கழுவிக்கொண்டு கிடப்பேன்.

கழுவுகிறவளுக்கு ஒரு வசதி உண்டு. எந்தப் படத்தையும் முதலில் பார்ப்பது அவள்தான். அப்படித்தான் கழுத்துப் படங்களின் லட்சணம் எனக்குத் தெரிய வந்தது.

கழுத்தில் ஏழு எலும்பு. மனுஷனுக்கு மட்டுமில்லை, ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான். அடிபட்டவருக்குப் பக்கவாட்டில் படம் எடுத்தால் ஏழும் தெரிய வேண்டும், ஏழாவது போய் உட்காரும் முதுகெலும்பின் தலையும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தப் படத்தை வைத்து நல்லது கெட்டது எதுவும் சொல்லக்கூடாது. இது எங்கள் பாடத்தில் அரிச்சுவடி. சிக்கல் என்னவென்றால், ஆறு எலும்பு தானாகத் தெரியும், ஏழாவது தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தோள் வெள்ளையாக விழுந்து அதை மூடிவிடும். துடுப்பு போட்டு, மூட்டை தூக்கி, தோள் தடித்த ஆள் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் ஒருவர் அவருடைய இரண்டு கையையும் மெதுவாகக் கீழே இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் படம் எடுக்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை.

அந்த இரண்டு நிமிஷத்துக்கு யக்ஞநாராயணனின் கௌரவம் இடம் கொடுக்காது. வந்தவரை ஸ்டூலில் உட்கார வைப்பார், “மூச்சை அடக்குங்கோ” என்பார், டக்கென்று அமுக்குவார். ஒருநாள் ஈரப் படத்தோடு வெளியே வந்து கேட்டேன்: “சார், இதுல ஆறுதான் இருக்கு. ஏழாவது எலும்பு எங்கே சார்?”

“எங்கயும் ஓடிப்போயிருக்காது. உள்ளதான் இருக்கும்” என்றார்.

“இருக்கும் சார். எப்படி இருக்குன்னு பார்க்க வேண்டாமா?”

“ஆறு நன்னா இருக்கும்போது ஏழாவது மட்டும் ஏன்மா கெட்டுப்போகப் போறது? உனக்குப் படிப்பு ஜாஸ்தி. அனுபவம் பத்தலை.”

அனுபவமாம். தப்பையே இருபத்திரண்டு வருஷம் செய்தால் அதற்குப் பெயர் அனுபவம்!

அவரைச் சொல்லிவிட்டேன், என்னையும் சொல்ல வேண்டும். நான் என்ன செய்தேன்? மூன்று நான்கு தடவை கேட்டேன், பிறகு வாயை மூடிக்கொண்டேன். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வேலை, பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். போனால் போகட்டும் என்று ஆறு எலும்புப் படங்களைக் கழுவிக் காயவைத்து உறையில் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இதை எழுதும்போது என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

2007 மே மாதம், அக்கினி நட்சத்திர வெயிலில் எத்திராஜ் வந்தார்.

எத்திராஜ் கோவளத்து மீனவர், நாற்பது வயதிருக்கும். அவர் மனைவி முத்தாலம்மாளை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். காலையில் பஸ் பிடித்து வந்து கேம்ப் ரோட்டு சந்துகளில் கூடையோடு மீன் விற்கிறவள். டாக்டர் சாம்பசிவன் வீட்டுக்கும் அவள்தான் மீன் கொடுப்பாள். அந்தப் பழக்கத்தில், வழியில் இருக்கிற ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புருஷனை நேரே இங்கே கூட்டி வந்திருந்தாள். பாவம், நம்பிக்கை!

முந்தின நாள் படகு கரையேறும்போது பின்னாலிருந்து ஓர் அலை தூக்கி அடித்திருக்கிறது. எத்திராஜ் தலைகுப்புற மணலில் போய் விழுந்திருக்கிறார். எழுந்து நடந்தார், சாப்பிட்டார், ஆனால் இராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கோவளத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கி வந்து இறங்கியவர், தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே உள்ளே நடந்து வந்தார். கையை எடுத்தால் தலை விழுந்துவிடும் என்பது போல. அப்படி ஒருவர் வந்தால் முதல் வேலையாகப் படுக்க வைத்துத் தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைக்க வேண்டும். யக்ஞநாராயணன் ஸ்டூலைக் காட்டினார்.

“சிஸ்டரு, இந்த சுண்டு விரலும் பக்கத்து விரலும் எறும்பு ஊர்ற மாதிரி கீது” என்று எத்திராஜ் என்னிடம் சொன்னார். அந்த இரண்டு விரலுக்குப் போகிற நரம்பு கழுத்தின் அடியிலிருந்துதான் வருகிறது, ஏழாவது எலும்புக்குக் கீழேயிருந்து.

யக்ஞநாராயணன் காதிலும் அது விழுந்தது. “வலை இழுத்து இழுத்து மரத்துப்போயிருக்கும்பா. மூச்சை அடக்கு” என்றார். டக். முடிந்தது.

படத்தைக் கழுவினேன். ஆறு எலும்பு, அதற்குக் கீழே கல்லுச் சுவர் மாதிரி தோள். ஈரப் படத்தோடு டாக்டர் அறைக்குப் போனேன். யக்ஞநாராயணனும் பின்னாலேயே வந்தார். டாக்டர் சாம்பசிவன் குடல்வாலையும் மூலத்தையும் அறுப்பதில் கை தேர்ந்தவர். எலும்பு அவருக்கு ஆகாது. அதை ஒப்புக்கொள்ளும் பழக்கமும் கிடையாது. படத்தைப் பார்ப்பதற்குப் பதில் யக்ஞநாராயணன் முகத்தைப் பார்த்தார். அதுதான் அங்கே வழக்கம்.

“என்ன யக்ஞா?”

“நார்மல் சார்.”

“சார், ஏழாவது எலும்பு தெரியலை. கையை இழுத்துப் பிடிச்சு இன்னொண்ணு எடுத்துடலாம் சார். விரல் வேற மரத்துப்போயிருக்குன்னு...” என்றேன்.

டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அமலா, இங்க நான் டாக்டரா, நீ டாக்டரா?”

பக்கத்தில் யக்ஞநாராயணன் பெருமாள் கோயில் துவாரபாலகர் மாதிரி நின்று சிரித்தார். டாக்டர் சீட்டில் ‘கழுத்து எலும்பு நார்மல்’ என்று எழுதினார். ஒரு ஊசி, ஆறு மாத்திரை, ஒரு தைலம். நான் திரும்பி இருட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வழக்கம்போல.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். கதவைத் தட்டும் சத்தம். முத்தாலம்மாள்.

“எம்மா, எங்கூட்டுக்காரு படம் காஞ்சிச்சா? சீக்கிரம் குடு தாயி. வெயில் ஏறிக்கினு கீது.”

“சீட்டுதான் கொடுத்துட்டாங்களே, படத்துக்கு என்ன அவசரம்? அப்புறமா வாங்கிக்கலாமே.”

“அய்யே, படம் இல்லாம சவுரிமுத்து தொட மாட்டாரும்மா. எலும்பு நல்லா கீதுன்னு படம் பாத்தாத்தான் கையே வெப்பாரு.”

“யாரு சவுரிமுத்து?”

“கேளம்பாக்கத்துல சுளுக்கு எடுக்கறவரு. டாக்டருதான் எலும்பு ஒண்ணியும் இல்லன்னுட்டாரே, அப்ப சுளுக்குதான? இப்டியே நேரா அங்க இட்டுகினு போறோம். தலைய இப்டி ரெண்டு கையால புடிச்சி ஒரே சுண்டு. சடக்குனு சத்தம் கேக்கும், சரியாப்பூடும்.”

அவள் தன் தலையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். ஏழாவது எலும்பு உடைந்திருந்தால், அந்த ஒரு சுண்டில் எத்திராஜின் கதை முடிந்தது. கழுத்துக்குக் கீழே கை அசையாது, கால் அசையாது, மூத்திரம் போவதுகூடத் தெரியாது. மூச்சு நின்றாலும் நிற்கும். சுளுக்கு எடுக்கிற சவுரிமுத்துவுக்குப் படம் பார்க்காமல் தொடக்கூடாது என்ற பயமாவது இருந்தது. எங்கள் இரண்டு வெள்ளைக் கோட்டுக்கும் அதுகூட இல்லை. அந்த ஆளுக்குப் பச்சைக்கொடி காட்டியதே எங்கள் சீட்டுதான்.

படம் கம்பிச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கொடுத்தால் எத்திராஜ் போய்விடுவார். கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் வெளியே இரண்டு பெரிய மனுஷர்கள் என் தலையைத் தின்பார்கள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, வெள்ளை விளக்கைப் போட்டுப் படத்தை அந்த வெளிச்சத்தில் பிடித்தேன்.

“அக்கா, கழுத்துல மொத்தம் ஏழு எலும்பு. இதோ மேல இருக்கறது ஒண்ணு. நீங்களே எண்ணுங்க.”

மீன்காரி கண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஏலத்தில் துள்ளுகிற குவியலைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை உருப்படி என்று சொல்லிவிடுவாள். அவளை ஏமாற்ற முடியாது. நகத்தை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சி, ஆறு.” நகம் தோளின் வெள்ளையில் போய் நின்றது. மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தாள். மறுபடி ஆறில் நின்றாள்.

“ஆறுதான கீது.”

“ஆமா. ஏழாவது தெரியலை. அது உடைஞ்சிருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அது தெரியாம தலையைத் திருப்பினா உங்க வீட்டுக்காரர் எழுந்திருக்கவே மாட்டார்.”

முத்தாலம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். படத்தைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று ஹாலுக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன்.

ஹாலில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அறை வாசலில் நின்று யக்ஞநாராயணன் யாரோ ஒருவருடைய முழங்கால் படத்துக்குத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார். முத்தாலம்மாள் அவர் மூக்குக்கு நேரே படத்தை நீட்டினாள். தெருக்கோடியிலிருந்து மாடிவரைக்கும் மீன் விற்கிற குரல் அது.

“யோவ் சாரு! கழுத்துல ஏழு எலும்பாமே? இத்தப் புடி. எண்ணிக் காட்டு!”

“என்னம்மா இது, சத்தம் போடாதே. ஆஸ்பத்திரி.”

“சத்தம் கெடக்குது. எண்ணு நீ. ஆறுதான் கீது. எம்புருசனுக்கு இன்னொண்ணு எங்க? யாரு எடுத்துகினு போனது?”

யக்ஞநாராயணன் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். முகம் வெளிறியது. அப்போதும் வாய் மட்டும் தளரவில்லை. “உன் ஆத்துக்காரருக்குக் கழுத்து குட்டைம்மா. அதான்...”

“குட்டக் கழுத்துன்னா எலும்பு கொறைஞ்சி பொறப்பானா? என்கிட்ட மீன் வாங்கற பொம்பள ஒண்ணு கொறைஞ்சாலும் கூடையப் புடிச்சி இஸ்துகினு கேக்குது. நீ மனுசன் கழுத்துல ஒண்ணு கொறைய குடுத்துட்டு நார்மலுன்ற! உனுக்குக் கோட்டு ஒரு கேடா?”

ஹாலில் யாரோ சிரித்தார்கள். முழங்கால் படத்துக்காரர் தன் படத்தை மெதுவாகத் திரும்ப வாங்கி உறைக்குள் போட்டுக்கொண்டார். சத்தம் கேட்டு டாக்டர் சாம்பசிவன் வெளியே வந்தார். உண்மை பெரிதா, உட்கார்ந்திருக்கிற இருபது பேர் பெரிதா என்றால் அவருக்கு இருபது பேர்தான் பெரிது. அன்றைக்கு அந்த அற்பத்தனம்தான் எத்திராஜைக் காப்பாற்றியது.

“சரி சரி, இன்னொரு படம் எடுத்துட்டாப் போச்சு. யக்ஞா, எடுத்துடுங்க.”

“என் டேபிள்ல ரிப்பீட் கிடையாது சார்” என்றார் யக்ஞநாராயணன். சொல்லிவிட்டு வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, எதிரே டீக்கடைக்குப் போய்விட்டார். ஒரு உயிர் அந்தரத்தில் தொங்குகிறது, இவருக்கு ரோஷம்!

நான் எடுத்தேன். எத்திராஜைக் கழுத்து அசையாமல் நாலு பேர் பிடித்துப் படுக்க வைத்தோம். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. கையைப் பிடிக்க ஆள் வேண்டும். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸ் பெண் ஜோதிலட்சுமி மாசமாக இருந்தாள், கதிர் படக்கூடாது. முத்தாலம்மாள் முன்னால் வந்தாள். கனத்த ஈய அங்கியை அவளுக்கு மாட்டிவிட்டேன்.

“அக்கா, ரெண்டு மணிக்கட்டையும் பிடிச்சு கால் பக்கமா மெதுவா இழுங்க. வெடுக்குனு இழுக்கக் கூடாது. அண்ணா, விரல்ல ஜாஸ்தியா மரத்தா உடனே சொல்லுங்க, விட்டுடுவோம்.”

“கம்முனு படு. நான் கீறேன்” என்றாள் அவள் புருஷனிடம். சொன்னபடியே மெதுவாக இழுத்துப் பிடித்தாள். நான் பொத்தானை அமுக்கினேன்.

இருட்டறைச் சிவப்பு விளக்கில் பிலிமை மருந்தில் ஆட்டிக்கொண்டு நின்ற நான்கு நிமிஷமும் ஜெபம்தான் செய்தேன். எலும்பு நன்றாக இருக்க வேண்டுமே என்று ஒரு மனசு. நன்றாக இருந்துவிட்டால் அந்த ஆள் நாளைக்கு என்ன ஆட்டம் ஆடுவார் என்று இன்னொரு மனசு. இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அப்படி ஓர் ஈனபுத்தி இருந்தது.

படம் எழுந்து வந்தது. ஆறு எலும்பும் ஒரே வரிசை. அதற்குக் கீழே, முதன்முறையாக, ஏழாவது. அது தன் இடத்தில் இல்லை. கீழே இருக்கும் முதுகெலும்பை விட்டு முன்பக்கமாக வழுக்கி, விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றது. பின்னால் ஒரு சில்லு பெயர்ந்து கிடந்தது. ஓர் உலுக்கல் போதும். கோவளத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் இந்தக் கழுத்தோடு வந்திருக்கிறார், அதை நாங்கள் ஸ்டூலில் உட்கார வைத்திருக்கிறோம் என்று நினைத்ததும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அசையாமல் கட்டிப் படுக்க வைத்து, சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே ஆபரேஷன் செய்து, எலும்பை இடத்துக்குக் கொண்டுவந்து, தகடும் திருகும் வைத்து இறுக்கினார்கள். எத்திராஜ் பிழைத்தார், நடந்தார்.

யக்ஞநாராயணன் டீ குடித்துவிட்டு வந்து இரண்டாவது படத்தை டியூப் லைட்டில் தூக்கிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “ம்ம்” என்றார். நான் காத்திருந்தேன். தப்புதான்மா என்று சொல்ல வேண்டாம், பாவம் அந்த மனுஷன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனையையும் மறந்திருப்பேன்.

“எக்ஸ்போஷர் ஜாஸ்தி. படம் கறுத்துப்போச்சு. என் படம்தான் ஷார்ப்” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் காலனியில் கதை வேறு மாதிரி உலவியது. எக்ஸ்ரே டாக்டர் முதல் படத்திலேயே சந்தேகப்பட்டாராம், அவர் சொல்லித்தான் அமலா இரண்டாவது எடுத்தாளாம். கேட் முன்னால் கூட்டம் குறையவில்லை, கூடியது. உயிர் காத்தவராம்! முருங்கைக்காயோடு இப்போது பூசணிக்காயும் வந்தது. நான் உண்மையைச் சொன்னேன். “உனக்கு ஏன் அவர் மேல இவ்வளவு பொறாமை?” என்று என் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

ஒன்று மட்டும் மாறியது. அதற்குப் பிறகு கழுத்துப் படம் எது வந்தாலும் விரல் வைத்துச் சத்தமாக எண்ண ஆரம்பித்தார். ஹாலில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஏழு வரைக்கும் எண்ணுவார். அட, மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டதே என்று நானே ஒருநாள் நினைத்தேன். அவ்வளவு ஏமாளி நான்.

நவம்பரில் எத்திராஜும் முத்தாலம்மாளும் மறுபடி வந்தார்கள். ஆறு மாசம் கழித்து ஒரு படம் எடுத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்களாம் பெரிய ஆஸ்பத்திரியில். மழைக்காலத்தில் அவ்வளவு தூரம் இரண்டு தடவை அலைய முடியாது, என்னை நம்பி இங்கே வந்திருந்தார்கள். எத்திராஜுக்குச் சுண்டு விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. கயிறு இழுக்க முடியாது, கரையில் உட்கார்ந்து வலை பிரிக்கிறார். நான் வார்டில் ஒரு வேலையாக மாடிக்குப் போயிருந்தேன். இறங்கி வருவதற்குள் யக்ஞநாராயணன் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து அமுக்கி, பிலிமையும் தானே கழுவி, ஈரப் படத்தோடு ஹாலுக்கு வந்துவிட்டார்.

“பாரும்மா, நன்னா பாரு” என்றார் முத்தாலம்மாளிடம். விரல் வைத்து எண்ணினார். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு! போறுமா? நார்மல்.”

முத்தாலம்மாள் படத்தை வாங்கினாள். நகம் வைத்து மேலேயிருந்து இறங்கினாள். நான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஆறாவது எலும்போடு படம் முடிந்திருந்தது. ஏழாவதையும் காணோம், ஏழாவதில் வைத்த தகட்டையும் காணோம், திருகு ஒன்றுகூட இல்லை.

“இன்னா சார், தகடு எங்க?”

நான் யக்ஞநாராயணன் முகத்தைப் பார்த்தேன். தகடு என்ற ஒன்று இருப்பதே அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“தகடெல்லாம் ஆறு மாசத்துல எலும்போட சேர்ந்து கரைஞ்சிடும்மா” என்றார்.

முத்தாலம்மாள் இந்தத் தடவை கத்தவில்லை. படத்தை அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

“இரும்பே கரையுது. ஒன் வாய் மட்டும் கரையலையே சாரு” என்றாள்.

எத்திராஜ் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கழுத்தைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். அந்தக் கழுத்து திரும்பியது.

“வாங்கண்ணா, நான் எடுக்கறேன்” என்று அவரை உள்ளே கூட்டிப்போனேன்.

பின்னால் யக்ஞநாராயணன் கோட்டைச் சரிசெய்துகொண்டு கேட்பது காதில் விழுந்தது.

“அடுத்தது யாரு? படத்தைக் கொண்டாங்கோ.”

இத்தனையையும் கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஹாலில், ஒருவர் எழுந்து உறையைப் பிரித்துப் படத்தை அவரிடம் நீட்டினார்.